வடிவாய்ப் பாரும்

நான் கொண்டுபோன முதல் படத்தைத் திறந்ததும் ரீச்சர் செய்த வேலை, அதன் நிறத்தை எடுத்துவிட்டதுதான். கணினியில் ஒரு பொத்தானை அழுத்தினார். நீலமும் மஞ்சளும் கறுப்புமாய் மின்னிக்கொண்டிருந்த கடல்நத்தை, பழைய கலியாண அல்பத்துப் படம்போலச் சாம்பலாகிவிட்டது. எங்கள் கடலிலுள்ள புறாமலைத் தீவுக்குப் பக்கத்துப் பாரில், நீரோட்டத்தில் உடம்பைச் சமாளித்துக்கொண்டு, அந்தப் படத்துக்காக அரை மணித்தியாலம் மிதந்திருந்தேன்.

"இப்ப சொல்லும், செவுள் எங்க?"

முதுகின் பின்பக்கத்தில் பூப்போல விரிந்த செவுள்கொத்து இருக்கும் என்று வாசித்திருந்தேன். இதன் முதுகில் மேடும் பள்ளமும் தவிர ஒன்றையும் காணவில்லை.

"காணேல்லை ரீச்சர்."

"காணேல்லை எண்டதும் ஒரு விடைதான். கொப்பியில எழுதும். எழுதிப்போட்டு இன்னொருக்கா வடிவாய்ப் பாரும்."

எங்கள் ஊர்ப் பேச்சில் வடிவு என்றால் அழகு. வடிவாய்ப் பார் என்றால் ஒன்றையும் விடாமல், கவனமாய்ப் பார் என்று பொருள். சின்ன வயதில் சோற்றில் கல் பொறுக்கும்போதும், வலையில் கிழிசல் தேடும்போதும், பரீட்சைத் தாளைத் திரும்பப் படிக்கும்போதும் கேட்ட சொல்தான். அதற்குள் வடிவம் என்ற சொல்லும் இருக்கிறது என்பது அன்றைக்கு, நிறம் போன அந்தப் படத்தின் முன்னால்தான் எனக்கு உறைத்தது.

ரீச்சர் முப்பது வருடத்துக்கு மேல் உயர்தர வகுப்புக்கு உயிரியல் படிப்பித்து ஓய்வு பெற்றவர். கடலுக்குள் ஒருதரமும் இறங்கியதில்லை. ஆனாலும் திருகோணமலையில் சுழியோடுகிற எங்களில் பலருடைய படங்கள் அவருடைய மேசைக்குப் போய்த்தான் பெயர் பெற்றுத் திரும்பும். நான் நிலாவெளியில் ஒரு சுழியோட்ட நிலையத்தில் காற்றுச் சிலிண்டர் நிரப்பத் தொடங்கி, பிறகு பயணிகளைக் கூட்டிக்கொண்டு இறங்குகிறவன் ஆனேன். ஒரு பயணி ஊர் திரும்பும்போது தன்னுடைய பழைய ஒலிம்பஸ் கமராவை எனக்குக் கொடுத்துவிட்டுப் போனார். அந்தக் கமராதான் என்னை ரீச்சர் வீட்டு விறாந்தைக்குக் கொண்டுபோனது.

படங்களை முதலில் பார்த்த அம்மா, "இது கடலட்டையோ? கிலோ என்ன விலை?" என்று கேட்டார். எங்கள் கரையில் இந்தக் கேள்வி நியாயமானது. கடலட்டை பிடித்துப் பிழைக்கிற குடும்பங்கள் இங்கே உண்டு. ஆனால் கடலட்டை முட்தோலி; நட்சத்திரமீனுக்குச் சொந்தம். நான் படமெடுத்தது மெல்லுடலி. சங்குக்கும் சிப்பிக்கும் கணவாய்க்கும் சொந்தம். முட்டையிலிருந்து வரும் குடம்பிக்குச் சின்னதாய் ஓர் ஓடு இருக்கும், வளரும்போது அது உதிர்ந்துவிடும். இப்படி ஓடில்லாமல், அநேகமாய்ச் செவுள் வெளியே தெரிய வாழ்கிற நத்தைகளைத்தான் நுடிபிராங்க் என்கிறார்கள். உலகில் இதுவரை பெயர் பெற்றவை 3,000க்கு மேல்.

அப்பா கரைவலைக்காரர். மீனை வாலில் பிடித்துத் தூக்கும்போதே பெயர் சொல்லிவிடுவார். சூடைக்கும் சாளைக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டால், "பாத்தாத் தெரியும்" என்பார். அவருக்குத் தெரியும், அதைச் சொல்லில் எடுத்துத் தர அவருக்கு அவசியம் வந்ததில்லை. கடல்நத்தைக்கோ எங்கள் கரையில் தனித்தனிப் பெயரே இல்லை. தின்னாததற்கும் விற்காததற்கும் பெயர் வைக்க யாருக்கு நேரம்? அதனால் இங்கே நான் எழுதப்போகிற பெயர்கள் எல்லாம் இலத்தீன் பெயர்கள்தான். நாவுக்குக் கொஞ்சம் கரடுமுரடாய் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ரீச்சர் முதல் இரண்டு மாதம் ஒரு பெயரும் சொல்லித் தரவில்லை. படம் ஒன்றை நிறம் நீக்கித் திறப்பார். நான் அதைப் பார்த்துப் பென்சிலால் கொப்பியில் வரையவேண்டும். தலையில் இரண்டு கொம்பு. இவை உணர்கொம்புகள்; தண்ணீரில் கரைந்து வரும் வாசனையை இவற்றால்தான் நத்தை அறிகிறது. கொம்பு மொட்டையா, தட்டுத் தட்டாய் மடிப்பு உள்ளதா, நுனியும் அடியும் ஒரே தன்மையா? முதுகின் பின்பக்கத்தில் செவுள்கொத்து உண்டா, அல்லது முதுகு முழுக்க விரல் விரலாய் நீட்சிகளா? முதுகுப் போர்வையின் விளிம்பு நேராய் ஓடுகிறதா, நெளிகிறதா, பாதத்தை மூடுகிறதா, வால் வெளியே நீள்கிறதா? இவ்வளவும் எழுதிய பிறகுதான் நிறத்தைத் திருப்பித் தருவார். பரிசு கிடைத்த மாதிரி இருக்கும்.

முதல் படத்தின் செவுளும் அப்படித்தான் கிடைத்தது. அது ஃபிலிடியா குடும்பம். அந்தக் குடும்பத்துக்கு முதுகில் செவுள் இல்லை. போர்வைக்கும் பாதத்துக்கும் இடையிலுள்ள பள்ளத்தில், உடம்பைச் சுற்றிச் சின்னச் சின்ன இதழ்களாய் மறைந்திருக்கும். மேலிருந்து எத்தனை படம் எடுத்தாலும் தெரியாது. நான் "காணேல்லை" என்று எழுதியதே அந்தக் குடும்பத்துக்குள் போகிற வாசல்.

பிழை விட்டதும் இந்தக் குடும்பத்தில்தான். ஒரு நாள் ஆறு பயணிகளோடு இறங்கியபோது, பாறையில் விரல் நீளத்தில் ஒன்று: வெளிர்நீல உடம்பு, கறுப்புக் கோடு, மஞ்சள் முனை வைத்த மேடுகள். மேலே வந்து படகில் ஏறியதும், "ஃபிலிடியா வரிகோசா" என்று உரத்துச் சொன்னேன். ஒரு பெண் அதைத் தன் சுழியோட்டக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். பின்னேரம் ரீச்சர் படத்தைப் பெரிதாக்கி, வழக்கமான கேள்வியைக் கேட்டார்: "கொம்பு எங்க?"

கொம்பு இல்லை. ஒரு முனையிலும் இல்லை. அடிப்பக்க ஓரத்தில், பாறையைப் பிடித்துக்கொண்டு, நூல்போலக் குழாய்க்கால்கள் தெரிந்தன. அது நத்தையே அல்ல. பியர்சனோதூரியா கிரேஃபி என்ற கடலட்டையின் குஞ்சு. வளர்ந்ததும் வேறு தோற்றத்துக்கு மாறிவிடும். குஞ்சாய் இருக்கும்வரை நச்சு நத்தையின் வேடம் போட்டு மீன்களிடமிருந்து தப்புகிறது. அம்மா அன்றைக்குக் கேட்ட கேள்வி இந்தப் படத்துக்குச் சரியாய் இருந்திருக்கும். மீனை ஏமாற்ற வந்த வேடத்தில் நானும் ஏமாந்தேன், ஏனென்றால் மீன் பார்ப்பதுபோல நிறத்தை மட்டும் பார்த்தேன். அன்றிரவே நிலையத்தில் அந்தப் பெண்ணின் மின்னஞ்சல் முகவரியைத் தேடி எடுத்துத் திருத்தம் எழுதினேன். ஒரு பிழையான பெயர் ஒரு கொப்பியிலிருந்து அடுத்த கொப்பிக்குப் போய்விட்டால் பிறகு யாரும் அதைத் திருப்பிப் பிடிக்க முடியாது.

தட்டைப்புழுக்களும் இதே வேடம் போடும். அவற்றுக்குச் செவுள் இல்லை. தலையில் கொம்புபோலத் தெரிவது உடம்பின் ஓரம் மேலே மடிந்த மடிப்பு. உடம்பு கடதாசி மாதிரி மெல்லியது, கல்லின் மேடுபள்ளமெல்லாம் அதில் பதியும். இந்த மூன்றையும் பிரிக்கக் கண் பழகியபிறகுதான் எனக்குக் கொஞ்சம் துணிவு வந்தது.

நிறத்தை நம்பக்கூடாது என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அதை நான் கடலில் இருந்து கொண்டுவந்து அவருக்குச் சொன்னேன். தண்ணீர் சிவப்பு ஒளியைத்தான் முதலில் குடிக்கும். பத்து மீட்டர் ஆழத்தில் சிவப்பு அநேகமாய் இல்லை. நான் அங்கே விரலைக் கீறிக்கொண்டால் இரத்தம் கரும்பச்சையாய்த் தெரியும். அந்த ஆழத்தில் பிளாஷ் இல்லாமல் எடுத்த படத்தில் இளஞ்சிவப்பு மேடு சாம்பல் மேடாகிவிடும். கணினியில் சரிசெய்யப் போனால் இல்லாத சிவப்பும் வந்துவிடும். பிளாஷை நேரே அடித்தால் வழுவழுப்பான உடம்பு வெளிச்சத்தை எறிந்து, வெள்ளைப் புள்ளி இல்லாத இடத்திலும் புள்ளி காட்டும். ஆகவே ஒரே விலங்கை மூன்று விதமாய் எடுத்தேன்: பிளாஷ் இடப்பக்கம், வலப்பக்கம், கை விளக்கு மட்டும். மூன்றிலும் இருக்கிற புள்ளிதான் புள்ளி. ரீச்சர் அந்த மூன்று படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நெடுநேரம் பார்த்தார். "இதை நான் முப்பது வருசம் அறியாமல் படிப்பிச்சிருக்கிறன்" என்றார். அவர் அப்படிச் சொன்ன நாளை நான் மறக்கமாட்டேன்.

இனி உண்மையான இரட்டையர்களுக்கு வருகிறேன்.

ஃபிலிடியா வரிகோசா, ஃபிலிடியா சீலஸ்டிஸ். இரண்டுக்கும் கறுப்பும் வெளிர்நீலமும் கலந்த உடம்பு, மஞ்சள் முனை வைத்த மேடுகள், மஞ்சள் கொம்பு. வரிகோசாவுக்கு 1801இல் லாமார்க் பெயர் வைத்தார். சீலஸ்டிஸுக்கு 1905இல் பேர்க். வரிகோசா பெரிதாய் வளரும், மேட்டு வரிசைகளும் கூட. சீலஸ்டிஸில் வரிசை குறைவு, இடையே நீலம் அகலமாய்த் தெரியும். வளர்ந்த இரண்டைப் பக்கத்தில் வைத்தால் பிரித்துவிடலாம். கடலில் யாரும் பக்கத்தில் கொண்டுவந்து வைப்பதில்லை. இளம் வரிகோசாவுக்கும் வரிசை குறைவுதான். அப்போது உறுதியான சாட்சி அடியில் இருக்கிறது: வரிகோசாவின் பாதத்தின் நடுவே நீளவாக்கில் ஒரு கறுப்புக் கோடு ஓடும். சீலஸ்டிஸுக்கு அது இல்லை.

இதைப் படித்த அடுத்த நாளே கடலில் ஒன்றைக் கண்டேன். உலோகக் குச்சியால் மெதுவாய்க் கிளப்பிப் புரட்டிப் படமெடுத்தேன். கோடு பளிச்சென்று இருந்தது. அதை விட்டுவிட்டு நகர்ந்தபோது, நீரோட்டம் அந்த நத்தையை உருட்டிக்கொண்டு பாரின் விளிம்புக்கு அப்பால் கொண்டுபோனது. மணல்வெளி தொடங்கும் இடம் அது. நத்தை தின்பது கடற்பஞ்சு. மணலில் பஞ்சு இல்லை. நான் துரத்திப் போய்த் தேடினேன், அகப்படவில்லை.

ரீச்சரிடம் படத்தைக் காட்டினேன். எப்படி எடுத்தது என்றும் சொன்னேன். அவர் கணினியை மூடினார்.

"அதைத் தொட்டீரோ?"

"ஓம் ரீச்சர்."

"அப்ப இந்தப் படம் எனக்கு வேண்டாம்."

அன்றைக்கு வேறொன்றும் பேசவில்லை. மூன்று கிழமை அவர் எனக்குப் பாடம் சொல்லவில்லை என்பதையும் இங்கே எழுதவேண்டும். புறாமலை 2003இலிருந்து தேசியப் பூங்கா. அங்கே உயிர்களைத் தொடுவது சட்டப்படியும் பிழை. ஆனால் ரீச்சருடைய கோபம் சட்டத்துக்கானதல்ல. பெயர் வைக்கப் போன விலங்கைப் பெயருக்காகவே இழந்துவிட்டால் அந்தப் பெயரால் யாருக்கு என்ன? அந்தப் படத்தை அழித்தேன். இன்றுவரை குச்சி கொண்டு இறங்குவதில்லை.

அதற்குப் பிறகு காத்திருக்கப் பழகினேன். நத்தை நகரும், மெதுவாய்த்தான் என்றாலும் நகரும். கல்லின் ஓரத்துக்கு வரும். தலையைத் தூக்கிப் பஞ்சை முகரும். அடுத்த கல்லுக்குப் பாலம்போல உடம்பை நீட்டும். அந்தக் கணத்தில் கமரா கீழே இருந்தால் பாதம் தெரியும். தெரியாமலும் போகும். அப்படியென்றால் அன்றைக்குப் பெயர் பாதியிலேயே நிற்கும்.

இந்த இரட்டையர்கள் ஏன் ஒன்றையொன்று இப்படி ஒத்திருக்கின்றன? ஃபிலிடியாக்கள் பஞ்சைத் தின்று, பஞ்சின் நஞ்சையே தங்கள் தோலில் சேமித்துக்கொள்கின்றன. ஹவாயில் புபுகேயா என்ற இடத்து வரிகோசாவில் இருந்து அந்த நஞ்சைப் பிரித்து 1975இல் அறிவித்தார்கள். நத்தை தின்னும் பஞ்சிலும் அதே பொருள் இருந்தது. மீன்தொட்டியில் ஒரு ஃபிலிடியாவைப் போட்டால் தொட்டியிலுள்ள மீன்கள் செத்துப்போகலாம். ஒருதரம் கடித்துத் துப்பிய மீன் அந்த நிறக்கோலத்தை மறக்காது. ஆகவே நஞ்சுள்ள பல இனங்கள் ஒரே கோலத்தில் இருந்தால் எல்லோருக்கும் காவல். மீனுக்கு ஒரு பாடம் போதும். எங்களுக்குத்தான் பல பாடம் வேண்டியிருக்கிறது.

ஐப்பசி பிறந்து மாரி தொடங்கினால் கிழக்குக் கடல் கலங்கிவிடும். படகுகள் கரையேறும். சித்திரைக்குப் பிறகுதான் மீண்டும் தெளிவு. அந்த மாதங்களில்தான் நான் உண்மையாய்ப் படித்தேன். மழை ஓட்டில் அடிக்க, ரீச்சர் வீட்டு விறாந்தையில், பிறர் எடுத்த படங்களோடு இருப்போம்.

அப்படி ஒரு மாரியில்தான் கெலார்ட்டை அறிந்தேன். எட்வர்ட் பிரடெரிக் கெலார்ட், 1819இல் இலங்கையில் பிறந்த இராணுவ வைத்தியர். 1852இல் இலங்கை விலங்குகளைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். பிறகு முத்துச் சிப்பிகளை ஆராய அரசாங்கம் அவரை நியமித்தது. திருகோணமலையில் இருந்த காலத்தில் ஓடில்லா நத்தைகளை உயிரோடு பார்த்து, நிறம் தீட்டி வரையவும் வரைவிக்கவும் செய்து, புதிய இனங்களை எழுதி வைத்தார். 1860இல் இறந்துபோனார். அவர் பெயர் வைத்தவற்றில் ஒன்று ஃபிலிடியெல்லா ஸைலானிகா: கறுப்பு உடம்பில் இளஞ்சிவப்பு மேடுகள் நீண்ட வரம்புகளாய் ஓடும். இன்னொன்று ஜொருன்னா ஃபியூனப்ரிஸ்: வெள்ளை உடம்பில் கறுப்பு வளையங்கள். வளையம் என்று தூரத்திலிருந்து தெரிவது, கிட்டப் போனால் நெருக்கி நட்ட கறுப்பு மயிர் போன்ற நுண்முளைகள். அந்த நத்தையின் உடம்பிலிருந்து பிரித்த ஜொருமைசின் என்ற பொருளைப் புற்றுநோய் மருந்து தேடுகிறவர்கள் இன்றைக்கு ஆராய்கிறார்கள்.

கெலார்ட்டின் ஓவியங்கள் கடைசியில் இங்கிலாந்தின் நியூகாசிலிலுள்ள ஹான்கொக் நூதனசாலைக்குப் போய்ச் சேர்ந்தன. சென்னை மாகாண அதிகாரி வால்டர் எலியட் விசாகப்பட்டினத்துக் கரையில் சேர்த்தவையும் அதே இங்கிலாந்துக்குத்தான் போயின. ஆல்டர், ஹான்கொக் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இந்தியாவுக்கு வராமலே அவற்றை வைத்து 1864இல் எழுதினார்கள். 1906இல் சார்ல்ஸ் எலியட் என்ற இராஜதந்திரி இவை எல்லாவற்றையும் ஒன்றாய் வைத்து ஒப்பிட்டார். அவர் கையில் ஒரு பக்கம் படம், மறுபக்கம் மதுசாரத்தில் கிடந்து நிறம் முழுக்கப் போன உடல்கள். படத்தில் நிறம் இருக்கிறது, உள்ளுறுப்பு இல்லை. சாடியில் உள்ளுறுப்பு இருக்கிறது, நிறம் இல்லை. ரீச்சர் என் படத்தின் நிறத்தை ஏன் எடுத்தார் என்பது எனக்கு இதைப் படித்தபோது இன்னும் நன்றாய் விளங்கியது. கடலில் இறங்காமல் படத்தைக் கொண்டு பெயர் தேடுகிறவர்களின் வரிசை 150 வருடத்துக்கு மேல் நீளமானது. அந்த வரிசையில் எங்கள் விறாந்தையும் இருக்கிறது என்று எண்ணும்போது இப்போதும் எனக்குப் பெருமையாய் இருக்கும்.

ஸைலானிகாவுக்கு ஓர் உறவு உண்டு: ஃபிலிடியெல்லா பஸ்டுலோசா. கறுப்பில் இளஞ்சிவப்பு, கறுத்த கொம்பு, இரண்டும் பொது. பஸ்டுலோசாவில் மேடுகள் கொத்துக் கொத்தாய்ப் பிரிந்து நிற்கும். ஸைலானிகாவில் ஒன்றோடொன்று சேர்ந்து வரம்பாய் ஓடும். வயல்வரம்புபோல ஓடினால் ஸைலானிகா, நாற்றுக் கட்டுபோலத் தனித்தனியாய்க் கிடந்தால் பஸ்டுலோசா என்று ரீச்சர் சொல்லித் தந்தார். இது எனக்கு ஒரு வருடம் உதவியது. பிறகு அவரே மரபணு ஆய்வுகளைப் பற்றி வாசித்துவிட்டு வந்து, பஸ்டுலோசா என்ற ஒரே பெயருக்குள் பல இனங்கள் ஒளிந்திருப்பதாகச் சொன்னார். நான் அதுவரை பெயரெழுதிய பஸ்டுலோசாப் படங்கள் நாற்பதுக்கு மேல். ஒவ்வொன்றின் கீழும் "பஸ்டுலோசா கூட்டம்" என்று திருத்தி எழுதினேன். இரண்டு இரவு பிடித்தது.

பெயர்கள் இப்படி நகர்ந்துகொண்டே இருக்கும். விரல் விரலாய் நீலமும் ஊதாவும் நீட்டிக்கொண்டு பாம்புபோல ஊரும் டெரியோலிடியாவை வெப்பக் கடல் முழுக்க இயான்தினா என்று எழுதிவந்தார்கள். 2015இல் மரபணுவைப் பார்த்தவர்கள் அந்தப் பெயர் அவுஸ்திரேலியாவின் தென்கிழக்குக் கரைக்கு உரியது, வெப்பக் கடலில் பரந்து கிடப்பது செம்பெரி என்று பிரித்தார்கள். குரோமோடோரிஸ் பேரினத்தில் 2018இல் வந்த ஆய்வு, ஒரே இனத்துக்குள்ளேயே நிறக்கோலம் மாறுவதையும், வேறு வேறு இனங்கள் ஒரே கோலத்தைப் பூணுவதையும் காட்டியது. (எங்கள் பாடப்புத்தகத்தில் பேரினத்தைச் சாதி என்றுதான் படித்தோம். அந்தச் சொல்லை நான் எழுத விரும்பவில்லை.)

அதனால் படம் வீண் என்று யாரும் நினைக்கக்கூடாது. ஒரு பயணி பிலிப்பைன்ஸில் எடுத்த இரண்டு நீல குரோமோடோரிஸ் படங்களைத் தந்துவிட்டுப் போனார். இரண்டிலும் வெளிர்நீல முதுகு, மூன்று கறுப்புக் கோடு. நான் இரண்டுக்கும் லாக்கி என்று எழுதினேன். ரீச்சர் செவுளைப் பெரிதாக்கச் சொன்னார். ஒன்றின் செவுளிலும் கொம்பிலும் மாவு தூவியதுபோல வெள்ளைப் பொட்டுகள். மற்றதில் துப்புரவாய் இல்லை. பொட்டு உள்ளது வில்லானி, இல்லாதது லாக்கி. இரண்டுக்கும் 1982இல் ரட்மன் பெயர் வைத்தார். அந்தப் பொட்டு ஒரு நுண்ணிய மணல்மணி அளவு. பிளாஷ் பிழையாய் விழுந்தால் அதைக் காணவும் கூடும், காணாமல் விடவும் கூடும். என் மூன்று பிளாஷ் பழக்கம் இதற்குத்தான் உதவியது.

இடமும் ஒரு சாட்சி. மஞ்சள் பழுப்பு முதுகில் ஊதாப் பொட்டு வைத்து, நடக்கும்போது போர்வையைத் தூக்கித் தூக்கி அடிக்கும் ஒன்று எங்கள் கடலில் உண்டு: கோனியோபிராங்கஸ் ஜெமினஸ். ஜெமினஸ் என்றால் இரட்டை. அதன் இரட்டையின் பெயர் குனியை. அதுவும் அதேமாதிரி போர்வையை அடிக்கும். குனியை பசிபிக்கின் மேற்குக் கரைகளில் வாழ்வது, ஜெமினஸ் இந்து சமுத்திரத்தது. இடத்தைச் சொன்னால் பாதிக் கேள்வி தீரும். மீதியை விளிம்புப் பட்டிகளை எண்ணி, வரிசையைக் குறித்துத் தீர்க்கவேண்டும். இடத்தை மட்டும் நம்பிப் பெயர் எழுதினால், புதிதாய் ஒன்று வந்து சேர்ந்த நாளில் எங்களுக்குத் தெரியாமல் போய்விடும்.

ரீச்சரிடம் நான் கற்றதில் மிகக் கடினமானது "தெரியாது" என்று எழுதுவது. பயணிகளுக்குப் பெயர் வேண்டும். பெயர் சொன்னால் முகம் மலரும். எனக்கும் சொல்லவேண்டும்போல இருக்கும். ஆனால் படம் எவ்வளவு தூரம் தாங்குமோ அவ்வளவு தூரம்தான் பெயரும் போகலாம். கொம்பு மட்டும் தெளிவென்றால் குடும்பத்தோடு நிற்கவேண்டும். செவுளும் தெளிவென்றால் பேரினம். அதற்கு மேல் சாட்சி இல்லாவிட்டால் "இனம் உறுதியில்லை" என்று எழுதி, ஏன் உறுதியில்லை என்பதையும் எழுதவேண்டும். அந்த "ஏன்"தான் அடுத்தமுறை கடலில் என்ன தேடவேண்டும் என்று எனக்குச் சொல்லும்.

அப்படி ஒரு படத்தொகுதி எங்களிடம் இரண்டு வருடம் கிடந்தது. புறாமலை, ஒன்பது மீட்டர் ஆழம், சரிந்த கல்லின் நிழல். மூன்று சென்றிமீற்றர் இருக்கும், இளம் ஃபிலிடியா. மேலிருந்து பதினொரு நல்ல படம் எடுத்திருந்தேன். மேட்டு வரிசை மூன்று. இளம் வரிகோசாவாய் இருக்கலாம், சீலஸ்டிஸாயும் இருக்கலாம். "ஃபிலிடியா, இனம் உறுதியில்லை. பாதம் தெரியவில்லை" என்று என் கையால் எழுதியிருந்தேன்.

போன மாரியில் பழைய கோப்புகளைத் துப்புரவாக்கிக்கொண்டிருந்தேன். நிறைய மங்கல் படங்கள், அரைகுறைப் படங்கள். இடம் போதாமல் அழிக்கத் தொடங்கினேன். ரீச்சர் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தவர், "நில்லும்" என்றார். திரையில் இருந்தது ஒரு படுமோசமான படம். கமராவைத் திருப்பும்போது தவறி அழுத்தியது. பாதிக்குமேல் என் கையுறை. மூலையில் கல்லின் ஓரம், ஓரத்திலிருந்து அதே நத்தை உடம்பை வெளியே நீட்டிக்கொண்டு. அவர் அதை வெட்டி, பெரிதாக்கி, நிறத்தை எடுத்தார். மணிமணியாய் உடைந்துபோன அந்தச் சாம்பல் படத்தில், வெளிறிய பாதத்தின் நடுவே, இருண்ட கோடு ஒன்று ஓடியது. பக்கத்துப் பிரேமிலும் அதே இடத்தில் இருந்தது; ஆகவே நிழலில்லை.

"இப்ப எழுதும்" என்றார்.

ஃபிலிடியா வரிகோசா, இளசு, புறாமலை, 9 மீ. திகதியும் நேரமும் போட்டேன். நல்ல படம் பதினொன்றும் தராத விடையை நான் அழிக்க இருந்த படம் தந்தது.

இதை வாசிக்கிறவர்களில் கடலில் இறங்குகிறவர்கள் இருந்தால், சின்னக் கமராவோடு பாறைக்குட்டைகளில் நடக்கிறவர்கள் இருந்தால், உங்களிடம் கேட்பது இவ்வளவுதான். விலங்கைத் தொடாதீர்கள், புரட்டாதீர்கள். மேலிருந்து ஒரு படம் போதும். பிறகு பக்கத்திலிருந்து, தலைப்பக்கத்திலிருந்து, செவுள்பக்கத்திலிருந்து, அது தின்னும் பஞ்சோடு சேர்த்து எடுங்கள். இடம், திகதி, ஆழம் மூன்றையும் எழுதிவையுங்கள். மங்கலாய், கோணலாய், பாதி கையுறையோடு விழுந்த படங்களையும் அழிக்காமல் வைத்திருங்கள்.